கொடி மூடிய மண்: நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பசுந்தாள் மூடுபயிரும் வேர்நோய்த் தடுப்பும்

பால்மரத்தின் வேரை அழிக்கும் பூஞ்சை நோய்களில் முதன்மையானவை மூன்று. வேரின்மேல் படரும் இழைகளின் நிறத்தைக் கொண்டு வெள்ளை வேர்நோய், சிவப்பு வேர்நோய், பழுப்பு வேர்நோய் என அவை பிரித்தறியப்படுகின்றன. மலாயாவில் மிகுந்த சேதம் விளைவித்தது வெள்ளை வேர்நோய். அதற்குக் காரணமான பூஞ்சையைப் பழைய நூல்கள் ஃபோமஸ் லிக்னோசஸ் என்றும், இன்றைய நூல்கள் ரிஜிடோபோரஸ் மைக்ரோபோரஸ் என்றும் குறிக்கின்றன. 1904-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பால்மரங்களில் தாவரவியலாளர் ரிட்லி இதைக் கண்டறிந்தார். பால்மரம் மலாயாவின் தோட்டப் பயிராக நிலைபெற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் நோயும் கூடவே வந்துவிட்டது.

இந்தப் பூஞ்சை வாழும் விதம் தெரிந்தால்தான் மூடுபயிரின் வேலை புரியும். வெறும் மண்ணில் நெடுநாள் தனித்து வாழ இதனால் முடியாது. ஒரு மரக்கட்டையை, வெட்டிய அடிமரத்தை, மண்ணில் புதைந்த பருத்த வேரை உணவுக் கிடங்காகக் கொண்டே இது வாழ்கிறது. அந்தக் கிடங்கிலிருந்து தட்டையான வெள்ளைக் கயிறுகள் போன்ற இழைக்கற்றைகளை மண்ணுக்குள் அனுப்புகிறது. அவை சில மீட்டர் தொலைவு வரை செல்லும். வழியில் இளம் பால்மரத்தின் வேர் தென்பட்டால் முதலில் அதன் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு படரும். பிறகே உள்ளே நுழையும். வேர் அழுகத் தொடங்கிய பின்பே இலை வெளிறி, ஓரம் கீழ்நோக்கிச் சுருளும். பருவமில்லாத காலத்தில் மரம் பூத்துக் காய்க்கும். அடிமரத்தில் ஆரஞ்சு நிறத் தட்டுக்காளான் முளைக்கும் நிலையில் அந்த மரத்தைக் காப்பாற்ற வழியில்லை. கண்ணுக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். ஆகவே பட்ட மரத்துக்கு மருந்து தேடுவதைவிட நோயின் உணவுக் கிடங்கைக் காலி செய்வதே அறிவுடைய வழி. மூடுபயிர் அந்த வேலையைத்தான் செய்கிறது.

நெகிரி செம்பிலானில் அந்தக் கிடங்கு உருவான வரலாறு நீண்டது. சுங்கை ஊஜோங் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் லைபீரியக் காப்பி பயிரிடப்பட்டது. அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில் பிரேசில் காப்பியின் பெருக்கத்தால் விலை விழுந்தது; தோட்டங்கள் பால்மரத்துக்கு மாறின. சிரம்பான், லிங்கி, போர்ட்டிக்சன், தம்பின் வட்டாரங்களிலும், பிறகு கோலப்பிலா, பகாவ் பக்கங்களிலும் காடு வெட்டி எரிக்கப்பட்டு நிலம் திறக்கப்பட்டது. எரித்த நெருப்பு கிளைகளையும் சருகையும் தின்றது. தரைக்குக் கீழே இருந்த வேர்களையும் பெரிய அடிக்கட்டைகளையும் தின்னவில்லை. காட்டு மரங்களிலேயே வாழ்ந்துவந்த பூஞ்சைக்கு அந்தக் கட்டைகள் அப்படியே உணவாக மிஞ்சின. அவற்றின் இடையில்தான் பால்மரக் கன்று நடப்பட்டது.

அன்றைய தோட்ட நிர்வாகம் போற்றிய முறை, புல் பூண்டு ஒன்றும் விடாமல் கொத்தித் துடைத்துத் தரையை வெறுமையாக வைப்பது. தமிழகத்திலிருந்து வந்த ஆண்களும் பெண்களும் மண்வெட்டியோடு வரிசையாக நின்று செய்த வேலை அது. துரையின் கண்ணுக்கு நிலம் சுத்தமாகத் தெரிந்தது. மண்ணோ மழையில் கரைந்து ஓடியது. கருங்கல் சிதைந்து உண்டான ரெங்கம் வகை மண்ணிலும், இரும்புக் கல் உருண்டைகள் நிறைந்த மலாக்கா வகை மண்ணிலும் மேல்மண்தான் வளமெல்லாம். சரிவான நிலத்தில் அது போனால் கீழே எஞ்சுவது சரளையும் களிமண்ணும். வெறுந்தரையின் இன்னொரு தீமை அவ்வளவு எளிதில் கண்ணில் படவில்லை. நிழலும் ஈரமும் இலைச்சருகும் இல்லாத நிலத்தில் கட்டையைச் சிதைக்கும் மற்ற நுண்ணுயிர்கள் மெலிந்துபோகின்றன. போட்டியில்லாத வேர்நோய்ப் பூஞ்சை தன் கிடங்கை நிதானமாக ஆண்டுக்கணக்கில் உண்டு வாழ முடிகிறது.

1925-இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. 1920-களிலும் 1930-களிலும் தரையை மூடிவைப்பதே சரி என்ற கருத்து மெல்ல வலுப்பெற்றது. காட்டுச் செடிகளைத் தேர்ந்து விட்டுவைக்கலாம் என்றொரு சாரார் கூறினர். பயறினக் கொடிகளை விதைத்து வளர்க்க வேண்டும் என்றொரு சாரார் கூறினர். நிமிர்ந்து வளரும் கிலுகிலுப்பை, கொளுஞ்சி இனச் செடிகள் முதலில் சோதிக்கப்பட்டன. காலப்போக்கில் நிலைத்தவை படர்கொடிகள்: பியூரேரியா, சென்ட்ரோசீமா, கலப்பகோனியம் என்ற மூன்று. மலாய் மொழியில் இவற்றை மொத்தமாகக் காச்சாங் பெனுத்துப் பூமி என்பர்.

வேர்நோய்க்கும் கொடிக்கும் உள்ள தொடர்பை முதலில் கூர்ந்து நோக்கியவர்களில் ஆராய்ச்சிக் கழகத்தின் நோயியலாளர் நேப்பர் ஒருவர். 1930-களில் அவர் வகுத்த முறை, இளமரங்களின் வேர்க்கழுத்து மண்ணை விலக்கிப் பார்த்து, வெள்ளை இழை தென்பட்டால் அது எந்தக் கட்டையிலிருந்து வருகிறது என்று தடம் பற்றிச் சென்று, அந்த மூலத்தைத் தோண்டி எடுப்பது. மூடுபயிரின் வேரிலும் அதே பூஞ்சை படர்வதைக் கண்டபோது பல துரைமார் அஞ்சினர்: நோயைச் சுமக்கும் கொடியை நாமே விதைப்பதா என்று. அந்த அச்சத்தில் ஓரளவு நியாயம் இருந்தது. ஆனால் கொடியின் வேர் மெல்லியது. பூஞ்சை அதைத் தின்று முடிக்கச் சில வாரங்கள் போதும். அடுத்த தாக்குதலுக்கான வலு அதில் கிடைக்காது. கட்டையில் சேர்த்துவைத்த ஆற்றலை இப்படி மெல்லிய வேர்கள்மீது பூஞ்சை வீணாக்குகிறது. கூட்டமாகக் கொடி பட்டுப்போன இடம், அதன் கீழே நோய்மூலம் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகவும் பயன்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. முதல் தலைமுறை மரங்கள் முதிர்ந்துவிட்டன. 1952-இல் மறுநடவு நிதி சட்டப்படி அமைந்தது. ரப்பர் ஏற்றுமதித் தீர்வையிலிருந்து பணம் சேர்ந்து, சிறுதோட்டக்காரர்களுக்கும் மறுநடவுக்கு உதவி கிடைத்தது. ஆயிரக்கணக்கான ஏக்கரில் கிழட்டுப் பால்மரங்கள் நஞ்சூட்டிச் சாகடிக்கப்பட்டன அல்லது வெட்டிச் சாய்க்கப்பட்டன. இம்முறை மண்ணில் எஞ்சியவை காட்டு மரக் கட்டைகள் அல்ல, பால்மரக் கட்டைகள். நோய்ப் பூஞ்சைக்கு அதைவிட உகந்த உணவு இல்லை. புதிதாக வெட்டிய அடிமரத்தின் வெட்டுமுகத்தில் காற்றில் வரும் வித்துகள் விழுந்தும் நோய் குடியேறியது. எனவே வெட்டுமுகத்தில் கிரியோசோட்டு பூசி அடைக்கும் வழக்கம் வந்தது.

இந்த மறுநடவு நிலங்களில் ஆராய்ச்சிக் கழகத்தின் ஃபாக்ஸ் நடத்திய ஆய்வுகள் மூடுபயிரின் மதிப்பை ஐயமற நிறுவின. 1963-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் மண்வழி நோய்க்கிருமிகளைப் பற்றி நடந்த பன்னாட்டுக் கருத்தரங்கத்தின் தொகுப்பில் அவருடைய கட்டுரை உள்ளது. நோயைப் பிற உயிர்களைக் கொண்டே அழித்தொழிப்பது என்ற கருத்தை அது முன்வைத்தது. உலகம் முழுவதும் மண்வழி நோய்களை இரசாயனத்தால் வெல்லலாம் என்ற நம்பிக்கை உச்சத்தில் இருந்த காலத்தில், மலாயாத் தோட்டங்களின் கொடிக்காடு எதிர்த்திசையில் ஒரு சான்றாக நின்றது. இதற்குரிய பெருமை இந்த மண்ணுக்கு இன்னும் முழுமையாக அளிக்கப்படவில்லை.

கொடி எவ்வாறு நோயைத் தணிக்கிறது என்பதில் மூன்று செயல்கள் பின்னிக் கிடக்கின்றன. மரக்கட்டையில் கரிமம் மிகுதி. தழைச்சத்து மிகக் குறைவு. சிதைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்துப் பஞ்சம் இருப்பதால்தான் கட்டை மெதுவாக மக்குகிறது. பயறினக் கொடியின் உதிர்ந்த இலையும் செத்த வேர்முடிச்சும் அந்தப் பஞ்சத்தைத் தீர்க்கின்றன. கொடியின் கீழ் தரை நிழலாகவும் ஈரமாகவும் இருப்பதால் மக்கும் வேகம் இன்னும் கூடுகிறது. பிற பூஞ்சைகள் கட்டைக்குள் புகுந்து நோய்ப் பூஞ்சையின் உணவைப் பங்குபோட்டுத் தின்றுவிடுகின்றன. விறகு தீர்ந்த அடுப்பு அணைவதுபோல் நோய்மூலம் தானாக அணைகிறது. இது முதற்செயல். இரண்டாவது, முன்னரே சொன்னபடி, இழைக்கற்றைகள் எல்லாத் திசையிலும் சிதறி மெல்லிய வேர்களில் வலுவிழப்பது. மூன்றாவது, கொடியின் வேரைச் சூழ்ந்த மண்ணில் ஆக்டினோமைசீட்டுகள் முதலான எதிர்ப்பு நுண்ணுயிர்கள் பெருகி, மண்ணுக்குள் நகரும் இழைகளையே சிதைப்பது.

இந்த மூன்றையும் ஒன்றாக நோக்கினால், தோட்டக்காரர்களைக் குழப்பிய ஒரு முரண் விளங்கும். கொடி விதைத்த முதல் ஓரிரு ஆண்டுகளில் நோய் குறைவதில்லை. சில இடங்களில் கூடுகிறது. ஈரமும் நிழலும் பூஞ்சைக்கும் பிடித்தவைதான். இழைகள் முன்னைவிட வேகமாகப் பரவுகின்றன. முதல் ஆண்டின் கணக்கை மட்டும் பார்த்துக் கொடியை அழித்த தோட்டம் இரண்டு பக்கமும் இழந்தது: விரைந்த பரவலின் சேதத்தைத் தாங்கிக்கொண்டு, பிறகு வரவேண்டிய நன்மையைப் பெறாமல் போனது. நோய்மூலம் வேகமாகச் செலவாவதால், வெறுந்தரையிலோ புல்தரையிலோ ஆண்டுகள் பல கடந்தும் புதிது புதிதாக மரங்கள் விழும்போது, கொடி மூடிய நிலத்தில் இழப்பு முன்னதாகவே ஓய்ந்துவிடுகிறது. மூடுபயிரை மதிப்பிட வேண்டிய காலம் கொடி விதைத்த ஆண்டு அல்ல. மரம் பால்வெட்டுக்கு வரும் ஆண்டு.

ஆகவே முதல் இரண்டாண்டு முழுவதும் மனிதக் கண்ணும் கையும் தேவைப்படுகின்றன. மரவரிசையின் இருபுறமும் கொடியை அண்டவிடாமல் ஒரு பட்டை நிலம் சுத்தமாக வைக்கப்படும். இல்லையேல் கொடியின் வேர் வழியாக இழை நேராக மரத்தின் கழுத்துக்கே வந்துசேரும். கன்றின்மேல் ஏறும் கொடியை இழுத்துவிட வேண்டும். பியூரேரியா சில வாரங்களில் ஒரு கன்றை முழுதாக மூடிவிடும். ஐயமுள்ள இடங்களில் கன்றின் அடியில் வெட்டிய புல்லையோ தழையையோ குவித்துவைத்து, இரண்டு மூன்று வாரம் கழித்து விலக்கிப் பார்ப்பது எளிய, செலவில்லாத பரிசோதனை. நோய் இருந்தால் ஈரமான குவியலின் கீழே வேர்க்கழுத்தில் வெள்ளை இழை தெரியும். கந்தகத் தூளை நடவுக்குழியிலும் அடிமரத்தைச் சுற்றிலும் இடுவதும் வழக்கம். அது மண்ணின் புளிப்பைக் கூட்டி, ட்ரைக்கோடெர்மா என்ற எதிர்ப்பூஞ்சைக்கு இடம் கொடுக்கிறது.

விதைப்பு முறையிலும் நுட்பம் உண்டு. கொடி விதைகளின் தோல் கடினமானது. அப்படியே தூவினால் பெரும்பகுதி முளைக்காது. சுமார் 75 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஊறவைத்தோ அமிலத்தில் சிறிது நேரம் இட்டுக் கழுவியோ தோலை இளக்குவார்கள். பிறகு வேர்முடிச்சு உண்டாக்கும் ரைசோபியம் நுண்ணுயிரைக் கலந்து, பாறைப் பாஸ்பேட்டுத் தூளில் புரட்டி விதைப்பார்கள். மலாயாத் தோட்டங்களில் நெடுங்காலம் புழங்கிய அந்தத் தூள் கிறிஸ்துமஸ் தீவிலிருந்து வந்தது. மணிச்சத்து இல்லாத மண்ணில் பயறினக் கொடி தழைச்சத்தைச் சேர்க்காது என்பதே இதன் காரணம். மூன்று கொடிகளையும் கலந்து விதைப்பதற்கும் காரணம் உண்டு. கலப்பகோனியம் முந்திப் படர்ந்து தரையைப் பிடிக்கும்; ஓரிரு ஆண்டில் ஓய்ந்துவிடும். அதன் இடத்தைப் பியூரேரியா எடுத்துக்கொள்ளும். மரங்களின் நிழல் கூடக்கூட சென்ட்ரோசீமா தாக்குப்பிடிக்கும். மரக்குடை கூடும்போது எல்லாமே மறையும். அதற்குள் கட்டைகள் மக்கியிருக்கும்.

மாநிலத்துக்குள்ளேயே மழை ஒன்றுபோல் இல்லை. மலைத்தொடரால் மறைக்கப்பட்ட ஜெலபு வட்டாரம் தீபகற்பத்திலேயே மழை குறைந்த பகுதிகளில் ஒன்று. ஆண்டுத் தொடக்கத்தின் வறட்சி மாதங்களில் விதைத்த கொடி அங்கே முளைத்துக் கருகும். அந்த வெற்றிடத்தில் லாலாங் புல் நுழையும். லாலாங் புகுந்த நிலத்தில் கட்டை மெதுவாக மக்கும்; இளமரத்தின் வளர்ச்சியும் தேங்கும். மைக்கேனியா என்ற படர்கொடி இன்னொரு தொல்லை. தரையை அது பச்சையாக மூடுவதால் மூடுபயிரென்று மயங்கத் தோன்றும். ஆனால் அது பயறினம் அன்று, தழைச்சத்தைச் சேர்ப்பதில்லை. பால்மரத்தின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்கள் அதில் இருப்பதை 1960-களின் ஆய்வுகள் காட்டின. பசுமை எல்லாம் பசுந்தாள் அல்ல என்பது கங்காணிமாருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது; அதனால்தான் மைக்கேனியாவைக் கண்ட இடத்தில் பிடுங்கச் சொன்னார்கள்.

வேர்நோயைத் தணிப்பதோடு கொடியின் வேலை முடிந்துவிடுவதில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பிராட்டன் 1970-களிலும், அவரோடு அகமுத்து 1980-களிலும் செய்த ஆய்வுகள், பயறினக் கொடிகள் ஆண்டுக்கு எக்டேருக்குச் சுமார் 150 கிலோ தழைச்சத்தைக் காற்றிலிருந்து எடுத்துச் சேர்ப்பதாக மதிப்பிட்டன. யூரியாவாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 325 கிலோ. அதனால் கொடி நிலத்து மரத்தின் தண்டு விரைந்து பருத்து, பால்வெட்டுக்கு முன்னதாகவே தயாராகிறது. விரைந்து வளரும் மரத்துக்கு நோயைத் தாங்கும் வலுவும் கூடுதல்.

இந்த ஏற்பாட்டின் மனிதப் பக்கத்தைப் பேசாமல் அறிவியலை மட்டும் பேசுவது முறையாகாது. புல்லை ஒழிக்க ஒரு காலத்தில் சோடியம் ஆர்சனைட்டு என்ற கொடிய நஞ்சு தெளிக்கப்பட்டது. 1960-களுக்குப் பின் பாராகுவாட்டு வந்தது. முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்து தெளித்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். நகம் கருகியது, தோல் வெந்தது, மூக்கில் இரத்தம் வடிந்தது என்ற வேதனைகள் தோட்டங்களில் நாள்தோறும் கேட்டவை. தெனாகானித்தா அமைப்பு 2002-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை அவற்றைப் பதிவு செய்தது. அதே ஆண்டில் மலேசிய அரசு பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006-இல் அது தளர்த்தப்பட்டது. 2020 சனவரி முதல் முழுத்தடை நடைமுறைக்கு வந்தது. நன்கு படர்ந்த கொடி களையைத் தானே அடக்கும். மருந்தடிக்கும் சுற்றுகள் குறையும். தொடக்கத்தில் கூடுதல் கூலி கொடுத்துக் கொடியைச் சரியாக வளர்த்த தோட்டத்தில், அந்தச் செலவு தொழிலாளியின் நுரையீரலையும் கையையும் காத்தது. மூடுபயிரின் கணக்கில் இதையும் வரவாக எழுத வேண்டும்.

1960-களிலிருந்து நெகிரி செம்பிலானின் பால்மரக் காடுகள் படிப்படியாகச் செம்பனைக்கு மாறின. ஜெம்போல் வட்டாரத்தில் பெல்டா என்ற அரசு நிலத்திட்டத்தின் குடியேற்றங்களிலும் செம்பனை விரிந்தது. செம்பனையிலும் இதே கொடிகள் விதைக்கப்பட்டன. 1991-இல் கேரளத்திலிருந்து முக்குனா பிராக்டியாட்டா என்ற முரட்டுக் கொடி மலேசியத் தோட்டங்களுக்கு வந்தது. பெரிய இலை, ஆழ்ந்த வேர், தடித்த சருகுப் படுக்கை என்று எல்லாவற்றிலும் பழைய மூன்றையும் அது விஞ்சியது. வறட்சியைத் தாங்கியது, நிழலையும் ஓரளவு தாங்கியது. மலேசியத் தாழ்நிலத்தில் அது எளிதில் விதை பிடிப்பதில்லை என்பதால் விதை இந்தியாவிலிருந்து வருகிறது அல்லது தண்டு நட்டு வளர்க்கப்படுகிறது.

எரிக்காமல் மறுநடவு செய்யும் முறை பரவிய பின் மூடுபயிருக்கு மற்றொரு வேலையும் சேர்ந்தது. வெட்டிச் சாய்த்த செம்பனைத் தண்டுகள் துண்டாக்கப்பட்டு நிலத்திலேயே விடப்படுகின்றன. மக்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். கொடி விரைந்து அவற்றை மூடினால் வண்டுக்கு இடம் தெரிவதில்லை. தண்டும் சீக்கிரம் மக்குகிறது. ஆனால் செம்பனையின் பெருநோயான கானோடெர்மா தண்டழுகலில் கொடியை நம்பி இருந்துவிட முடியாது. பருத்த அடிக்கிழங்குக்குள் ஒளிந்து வாழும் அந்தப் பூஞ்சைக்கு மேலிருந்து விழும் சருகால் பெரிய இடையூறு இல்லை. அடிக்கிழங்கைத் தோண்டி எடுத்துச் சிதைப்பதே அங்கு முதல் வேலை. ஒரு நோயில் வென்ற முறையை அப்படியே இன்னொன்றுக்குப் பொருத்தும் பிழை தோட்ட வேளாண்மையில் அடிக்கடி நேர்கிறது.

அந்தப் பிழைக்கு மிக அருகில் நிற்பது தர்பூசணி. மறுநடவான நிலத்தில் மரம் சிறிதாக இருக்கும் முதல் இரண்டாண்டில் வரிசைகளுக்கு இடையே வாழை, அன்னாசி, நிலக்கடலை, தர்பூசணி போன்றவை ஊடுபயிராக வருவதுண்டு. இரண்டரை மாதத்தில் காசாகும் தர்பூசணிக்குக் குத்தகைக்காரர்கள் எப்போதும் உண்டு. அவர்கள் ஒரே நிலத்தில் மறுபடி மறுபடி போடாமல் புதுநிலம் தேடிப் போவதன் காரணம் ஃபியூசேரியம் வாடல் நோய். தர்பூசணிக் கொடியின் ஒரு பக்கம் நண்பகலில் தொங்கி, மாலையில் தேறி, சில நாளில் முற்றிலும் வாடிவிடும். தண்டைக் கீறினால் உள்ளே குழாய்கள் பழுப்பேறியிருக்கும். இந்தப் பூஞ்சை மரக்கட்டையை நம்பி வாழ்வதன்று. தடித்த சுவருள்ள உறங்கு வித்துகளாக மண்ணில் பத்தாண்டுக்கும் மேல் காத்திருக்கும். எனவே உணவுக் கிடங்கைத் தீர்ப்பது என்ற பால்மர வழி இங்கே செல்லாது.

இங்கே பசுந்தாளின் வேலை வேறு. அமெரிக்காவின் மேரிலாந்தில் சோவும் எவெர்ட்சும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, வெட்ச் என்ற குளிர்நிலப் பயறினத்தை வளர்த்து மண்ணில் மடக்கி உழுதபின் நட்ட தர்பூசணியில் வாடல் குறைந்ததைக் காட்டியது. பசுந்தழை மக்கும்போது மண்ணின் நுண்ணுயிர்க் கூட்டம் பெருகி மாறுகிறது. வித்து முளைத்து வேரை எட்டுவதற்குள் அதற்குப் போட்டியும் பகையும் எழுகின்றன. கடுகினப் பசுந்தாள் வேறு விதம்: அதன் திசு நசுங்கும்போது வெளிப்படும் காரமான ஆவியே மண்ணில் கிருமியைத் தாக்குகிறது. வெட்சும் கடுகும் குளிரை விரும்புபவை. நெகிரி செம்பிலானின் வெக்கையில் அவற்றை நம்ப முடியாது. இங்குப் பொருந்தக்கூடியது தமிழக உழவர்கள் நெல்லுக்கு முன் விதைக்கும் சணப்பை. ஐம்பது, அறுபது நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழலாம். அது வேர்முடிச்சு நூற்புழுவை அடக்கும் பயிர். நூற்புழு குத்திய வேரில் வாடல் பூஞ்சை எளிதாக நுழைவதால், நூற்புழு குறைவதே பாதி வெற்றி. எல்லாப் பயறினங்களுக்கும் இந்தக் குணம் உண்டென்று எண்ணிவிடக் கூடாது. சில பயறுகள் நூற்புழுவை வளர்த்துக் கொடுக்கும்.

மடக்கி உழுத உடனே விதைப்பது ஆபத்து. அரைகுறையாக மக்கிய பச்சைத்தழையில் பித்தியம் என்ற கிருமி பெருகி நாற்றை அழுகச் செய்யும். ஸ்கிளிரோசியம் என்ற பூஞ்சையும் வெப்பமும் ஈரமும் சேர்ந்த மண்ணில் அதையே உண்டு, பிறகு மண்ணைத் தொடும் காயைப் பற்றும். இரண்டு மூன்று வாரம் பொறுத்து, தழை உருத்தெரியாமல் மக்கியபின் நடுவதே பாதுகாப்பு.

இதைவிடக் கடினமான சிக்கல் மண்ணின் புளிப்பில் உள்ளது. ஃபியூசேரியம் வாடல் புளிப்பு மண்ணில் கடுமையாகும். சுண்ணாம்பு இட்டு நடுநிலைக்கு அருகே கொண்டுவந்து, நைட்ரேட்டு வடிவில் தழைச்சத்து கொடுத்தால் தணியும். வெள்ளை வேர்நோயோ இதற்கு நேர்மாறு. புளிப்பைக் கூட்டவே அங்கே கந்தகம் இடப்படுகிறது. சுண்ணாம்பு இட்டால் அந்தப் பூஞ்சைக்கு வசதி. ஒரே வரிசையிடையில் பால்மரக் கன்றும் தர்பூசணியும் நின்றால், ஒன்றைக் காக்கும் பொருள் மற்றொன்றைக் கெடுக்கிறது. தர்பூசணிக்குத் தரையைக் கொத்திப் பாத்தி கட்டும்போது மூடுபயிரும் அழிகிறது. நோய்மூலம் கரைய வேண்டிய முதல் இரண்டாண்டு வீணாகிறது. குத்தகைப் பணம் கைக்கு உடனே வருகிறது. மரம் விழும் இழப்பு ஐந்தாறு ஆண்டு கழித்து வருகிறது. வேர்நோய் வரலாறு உள்ள நிலத்தில் இந்த ஊடுபயிரை அனுமதிப்பது தவறான கணக்கு.

வேர்நோய் இல்லாத நிலத்திலோ செம்பனை மறுநடவிலோ செய்ய விரும்பினால் ஒழுங்கு இதுதான்: சுண்ணாம்பைப் பாத்திக்குள் மட்டும் அடக்கி, மரவரிசைக்கு எட்டாமல் விலக்கி இடுவது, சணப்பை ஒரு சுற்று விதைத்து மடக்கி, மூன்று வாரம் விட்டு நடுவது, ஒரே அறுவடையோடு நிறுத்திப் பாத்தி முழுவதும் உடனே படர்கொடியை விதைப்பது. மலேசியாவில் தர்பூசணிக்கு உறவான முலாம்பழத்தின் சாகுபடியில் பெரும்பகுதி மழைக்கூரையின் கீழே தேங்காய்நார்த் தூள் நிரப்பிய பைகளுக்கும் உரநீர்ப் பாசனத்துக்கும் நகர்ந்துவிட்டது. மண்வழி நோயிலிருந்து தப்ப மண்ணையே விட்டுவிடும் வழி அது. முதலீடு உள்ளவருக்கு அது பலன் தருகிறது. குத்தகை நிலத்தில் கைம்முதல் இன்றிப் பயிரிடுபவருக்குக் கட்டுபடியாவது சணப்பை விதைதான். அதற்கு அவர் தரவேண்டிய விலை, தர்பூசணிக்கு முன் காசில்லாமல் கழியும் இரண்டரை மாதம். குத்தகைக் காலத்தை அந்த அளவு நீட்டித்துக் கொடுக்க நிலத்துக்கு உரிய தோட்டம் முன்வந்தால், வாடல் குறைந்த காயும் தழைச்சத்து ஏறிய மண்ணும் இருவருக்கும் கிடைக்கும்.